அமெரிக்காவில் முதல் மூன்று மாதம்: புதிதாக வருபவர்களுக்குத் தாள்களும் வழக்கங்களும்

அமெரிக்காவில் சடங்கு சம்பிரதாயம் எதுவும் கிடையாது, எல்லாம் அவரவர் விருப்பம்தான் என்ற எண்ணத்தோடு பலர் வந்து இறங்குகிறார்கள். அந்த எண்ணத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிடுங்கள். யாரை எப்படி அழைப்பது, யார் வீட்டில் கை நனைப்பது, எந்த நாளில் பால் காய்ச்சுவது என்று நாம் எவ்வளவு நுணுக்கமாக வழக்கம் வைத்திருக்கிறோமோ, அதே அளவு நுணுக்கமாக இவர்களும் வைத்திருக்கிறார்கள். நம் வழக்கங்கள் உறவையும் உணவையும் சுற்றி நிற்பவை. இவர்களுடையவை நேரத்தையும் இடைவெளியையும் கையெழுத்தையும் சுற்றி நிற்பவை. யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தர மாட்டார்கள், ஏனென்றால் அவற்றை வழக்கம் என்றே அவர்கள் நினைப்பதில்லை.

புதிய ஊருக்குப் போகும் மானிடவியல் ஆய்வாளர் முதலில் பேச்சைக் குறைத்துக்கொண்டு பார்ப்பார். எது திரும்பத் திரும்ப நடக்கிறது, எதை மீறினால் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். அந்தக் கண் உங்களுக்கு வந்துவிட்டால் பணமும் நேரமும் மனவருத்தமும் பெருமளவு மிச்சம். நாங்கள் குடும்பத்தோடு நியூ ஜெர்சியில் குடியேறி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். சட்டமும் கட்டணமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சிக்கு மட்டும் உரியதை அப்படியே குறிப்பிட்டிருக்கிறேன்.

1. புறப்படும் முன்பே பெயரை ஒழுங்குபடுத்துங்கள்

அமெரிக்கப் படிவங்களின் கணக்கில் ஒரு மனிதருக்கு முன்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கும் நம் பழக்கத்துக்கு அங்கே கட்டமே கிடையாது. முதலெழுத்து விரிந்து, அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிடும். உங்களுக்கு உங்கள் அப்பா பெயர், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் இருக்கும். இதில் சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. ஆனால் நீங்கள் ஒரே குடும்பம் என்பதற்குப் பள்ளியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் தாள் கேட்பார்கள்.

இதைவிடப் பெரிய பொறி, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பது. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முன்பெயர்க் கட்டத்தில் ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். முன்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. பிறகு வங்கி அட்டை, ஓட்டுநர் உரிமம், காப்பீட்டு அட்டை என்று எல்லாவற்றிலும் அந்த எழுத்துகள் தொற்றிக்கொள்ளும். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அதையே உங்கள் பெயர் என்று எண்ணி உரக்கக் கூப்பிடுவார்கள்.

ஆகவே, விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுவெளியீட்டுக்குக் கொடுத்து இரண்டு கட்டங்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தத்கால் என்றால் மேலும் 2,000 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்பு வந்தால் நாள் இழுக்கும் என்பதால் மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். முன்பெயர்க் கட்டத்தில் உங்களை எதைச் சொல்லி அழைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அதைப் போடுங்கள். மேலாளரையும் எழுபது வயது அண்டை வீட்டுக்காரரையும்கூட முன்பெயர் சொல்லி அழைப்பதுதான் இவர்கள் முறை, அதில் மரியாதைக் குறைவு இல்லை. மருத்துவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் மட்டும் பட்டமோ முன்னொட்டோ சேர்த்து அழையுங்கள்.

கைப்பையில் மூலத்தாளாக இருக்க வேண்டியவை: திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பட்டச் சான்றிதழ்கள், இந்திய ஓட்டுநர் உரிமம். தமிழ்நாட்டில் பிறப்பைப் பதிந்தவுடன் வாங்கும் சான்றிதழில் பல நேரம் குழந்தையின் பெயர் இருக்காது. பெயர் சேர்த்த பிரதியைக் கட்டாயம் வாங்கிக்கொண்டு வாருங்கள். தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். வண்டி ஓட்டுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவிடலாம். அதற்கு 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும்.

2. முதல் வாரம்: ஐ-94, தேதி, அஞ்சல் பெட்டி

விமான நிலையத்தில் அதிகாரி உங்களை உள்ளே அனுப்பியதற்கான பதிவுதான் ஐ-94. சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பெயர், பிறந்த தேதி, விசா வகை, எதுவரை தங்கலாம் என்ற தேதி ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நீங்கள் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது இந்தத் தேதிதான், விசா ஒட்டுத்தாளில் உள்ள தேதி அல்ல. பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால், அந்த நாளோடு ஐ-94ஐயும் முடித்துவிடுவது உண்டு. இதைக் கவனிக்காமல் போனால் சட்டப்படியான இருப்பே கெட்டுவிடும். பிழை இருந்தால் அதே துறையின் அருகிலுள்ள திருத்தப் பிரிவை அணுகுங்கள்.

தேதியை இங்கே மாதம் முதலில் வரும்படி எழுதுவார்கள். 04/07 என்பது ஏப்ரல் 7. மருந்துக்கடையில் பெயருக்கு அடுத்தபடியாகப் பிறந்த தேதியைத்தான் கேட்பார்கள். பழக்கத்தில் நாளை முதலில் சொன்னால் உங்கள் மருந்து கணினியில் அகப்படாது.

அஞ்சல் பெட்டி விஷயத்தை யாரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். இந்த நாட்டில் முக்கியமானவை எல்லாம் சாதாரணத் தபாலில் வரும். வங்கி அட்டை, அரசு அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாமே அப்படித்தான், வாசலில் கையெழுத்து வாங்க யாரும் வர மாட்டார்கள். அடுக்ககப் பெட்டியில் இல்லாத பெயருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். உங்கள் வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள் என்றால் மூன்றையும் எழுதி, பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சாவி கிடைத்த அன்றே செய்ய வேண்டிய வேலை இது.

3. சமூகப் பாதுகாப்பு எண்

சம்பளத்துக்கும் வரிக்கும் உங்களை அடையாளம் காண அரசு தரும் எண் இது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்டுச் செய்து தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். எஸ்எஸ்-5 படிவம், பாஸ்போர்ட், ஐ-94, வேலை செய்யும் உரிமைக்கான தாள் ஆகியவற்றோடு அருகிலுள்ள சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். வந்து இறங்கிய மறுநாளே போகாமல் பத்து நாள் பொறுங்கள். உங்கள் வருகைப் பதிவு அவர்கள் கணினியில் தெரிய அவகாசம் வேண்டும். அட்டை இரண்டு வாரம் அளவில் தபாலில் வரும். மாணவர்களுக்கு வளாகத்துக்குள் வேலை கிடைத்த கடிதமும் கல்லூரியின் கடிதமும் தேவை. ஹெச்-4 விசாவில் வரும் துணைவருக்கு வேலை அனுமதி இல்லாமல் இந்த எண் கிடைக்காது. அவருக்கு வரி அடையாள எண் போதும், அதை டபிள்யூ-7 படிவத்தோடு வரி தாக்கல் செய்யும்போது வாங்கலாம்.

இந்த ஒன்பது இலக்கத்தை இவர்கள் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. வேலை தருபவர், வங்கி, வாடகைக்கு விடுபவர், வரித் துறை என்று சிலருக்குத்தான் அது தேவை. மருத்துவமனைப் படிவத்தில் கட்டம் இருந்தாலும் கட்டாயமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு திரியாதீர்கள். “உங்கள் எண் குற்றத்தில் சிக்கியிருக்கிறது, கைது செய்ய வருகிறோம், பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லுங்கள்” என்று தொலைபேசியில் மிரட்டுபவர் மோசடிக்காரர். எந்த அரசு அலுவலகமும் பரிசு அட்டையில் பணம் வாங்குவதில்லை. புதிதாக வந்தவர்களைக் குறிவைத்தே இந்த அழைப்புகள் வருகின்றன.

4. வாடகை வீடு

கேட்கும் தாள்கள்: வேலைக் கடிதம் அல்லது சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட், விசா, வங்கி இருப்பு. மாதச் சம்பளம் வாடகையைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது பரவலான நிபந்தனை. விண்ணப்பக் கட்டணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். முன்பணம் நியூ ஜெர்சியில் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்தபின் 30 நாளுக்குள், பிடித்தம் இருந்தால் இன்னதற்கு இவ்வளவு என்ற பட்டியலோடு, வட்டியும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும்.

அந்தப் பிடித்தத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். சாமான் இறக்கும் முன்பே ஒவ்வொரு சுவரையும், தரைவிரிப்பின் ஒவ்வொரு கறையையும், அடுப்பின் உட்புறத்தையும், குளியல் தொட்டியின் ஓரத்தையும் படம் பிடித்து அன்றே அடுக்ககத்தை நிர்வகிக்கும் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப் பேச்சுக்கு இங்கே ஆயுள் இல்லை. “பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்” என்று சொன்ன மேலாளர் அடுத்த மாதமே வேலை மாறிப் போயிருப்பார். எழுதியது மட்டும் நிற்கும்.

ஒப்பந்தம் பெரும்பாலும் 12 மாதம். காலி செய்ய எத்தனை நாள் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும், இடையில் விட்டால் என்ன அபராதம் என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விருந்தினர் பற்றிய பத்தியைத் தவறவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தங்கும் விருந்தினருக்கு அனுமதி வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். பிள்ளைப்பேற்றுக்கு அம்மாவும் அப்பாவும் வந்து ஆறு மாதம் இருப்பது நமக்கு இயல்பு. அவர்கள் கணக்கில் அது ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத இருவர் குடியிருப்பது. அவர்கள் வரும் முன்பே அலுவலகத்துக்கு எழுதி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

சமையலறைக்கு வருவோம். அடுக்ககங்களில் அடுப்புக்கு மேலே உள்ள விசிறிகள் பல, புகையை வெளியே தள்ளுவதில்லை. வடிகட்டி வழியாக இழுத்து அறைக்குள்ளேயே திருப்பி விடும். கடுகு வெடித்து, காய்ந்த மிளகாய் நிறம் மாறும் அந்த அரை நிமிடம் போதும், கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி வீடு அதிர அலறும். கட்டடம் முழுவதற்கும் இணைந்த கருவியாக இருந்தால் தீயணைப்பு வண்டி வரும், எல்லாரும் படியிறங்கி வெளியே நிற்க வேண்டும். தாளிக்கும் முன்பு சன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, எண்ணெயை மிதமான சூட்டில் வையுங்கள். கருவியைக் கழற்றுவதோ பிளாஸ்டிக் உறையால் மூடுவதோ கூடவே கூடாது. அது உயிர் காக்கும் சாதனம், ஒப்பந்த மீறலும்கூட.

இரவு பத்து மணிக்கு மேல் மிக்ஸி, சலவை இயந்திரம், பிள்ளைகள் ஓடுவது எல்லாம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். கீழ்வீட்டுக்காரர் உங்கள் கதவைத் தட்டிச் சொல்ல மாட்டார். அலுவலகத்துக்கு எழுதுவார், உங்களுக்கு ஒரு கடிதம் வரும். இதை முதுகுக்குப் பின்னால் கோள் சொல்வதாக எடுத்துக்கொண்டு மனம் புழுங்கும் நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு நேரே சண்டை வராமல் காப்பதை இவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள். அடுத்த நாள் மின்தூக்கியில் அவரே புன்னகையோடு வணக்கம் சொல்வார், அதில் பொய் இல்லை.

வாடகைதாரர் காப்பீடு மாதம் 15 முதல் 25 டாலர். கேட்காவிட்டாலும் எடுத்துவிடுங்கள்.

5. கடன் மதிப்பெண்

ஊரில் நீங்கள் எவ்வளவு நாணயமானவராக இருந்தாலும் இங்கே வரும்போது உங்கள் கணக்கு வெறுமை. யாரிடமும் கடன் படாதவர் என்பது நமக்குப் பெருமை, இவர்களுக்கோ அது தகவல் இல்லாத மனிதர் என்று பொருள். வாங்கிய கடனை நீங்கள் ஒழுங்காகக் கட்டுபவரா என்பதைக் காட்டும் இந்த மதிப்பெண் 300 முதல் 850 வரை இருக்கும். ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள் உங்கள் நடத்தையைக் குறித்து வைக்கின்றன. வங்கிக் கணக்கு தொடங்கிய கையோடு, சில நூறு டாலரை வைப்புத்தொகையாக வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள். மளிகைக்கு மட்டும் பயன்படுத்தி, மாதம் தவறாமல் முழுத்தொகையையும் கட்டிவிடுங்கள். ஆறு மாதத்தில் மதிப்பெண் பிறக்கும். ஒரே சமயத்தில் பல அட்டைகளுக்கு விண்ணப்பிப்பது பாதகம்.

6. மனிதர்களுக்கு நடுவே: இடைவெளி, பேச்சு, அழைப்பு

குறிப்பேட்டை எடுக்க வேண்டிய இடம் இது. மின்தூக்கியில் ஏறிப் பாருங்கள். இரண்டு பேர் என்றால் எதிர் மூலைகள், நான்கு பேர் என்றால் நான்கு மூலைகள். எல்லாரும் கதவைப் பார்த்தே நிற்பார்கள், ஒருவர் இறங்கினால் மீதிப் பேர் நகர்ந்து இடைவெளியைச் சமமாக்கிக்கொள்வார்கள். அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் தம் மக்களின் இந்த இடைவெளிகளை அளந்தே எழுதினார். ஒன்றரை அடிக்குள் நெருங்கியவர்களுக்கு மட்டும் இடம். நண்பர்களுக்கு நான்கடி வரை. அலுவல் பேச்சு அதற்கும் அப்பால். கடையில் வரிசையில் நிற்கும்போது ஒரு கை நீளத்துக்கு மேல் இடம் விடுங்கள். வெற்றிடம் இருக்கிறதே என்று நடுவில் போய் நிற்காதீர்கள், அந்த வெற்றிடமும் வரிசையைச் சேர்ந்ததுதான். கதவைத் திறந்து உள்ளே போகும்போது பின்னால் வருபவருக்காகப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். உங்களுக்கு ஒருவர் பிடித்தால் நன்றி சொல்லி இரண்டு எட்டு வேகமாக நடங்கள்.

சம்பளம் எவ்வளவு, வயது என்ன, ஏன் இன்னும் குழந்தை இல்லை, யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்ற கேள்விகள் கூடாது. நமக்கு அவை அக்கறை, அவர்களுக்கு அத்துமீறல். வானிலை, வார இறுதி, உள்ளூர் விளையாட்டு அணி, நாய்க்குட்டி இவை பொதுவில் பேசத் தக்கவை. திங்கட்கிழமை காலையில் வார இறுதி எப்படி என்று கேட்டால் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அவருடையதைக் கேளுங்கள். வெற்றுப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டுப் பேசாமல் இருப்பவரை அலுவலகத்தில் கர்வி என்று நினைத்துவிடுவார்கள்.

“ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள்” என்பதில் நாள் இல்லை என்றால் அது அழைப்பு இல்லை, அன்பான விடைபெறல். நாளும் நேரமும் சொன்னால்தான் அழைப்பு. அதற்கு வருவேன், வர மாட்டேன் என்று பதில் சொல்வது கடமை. “பார்க்கலாம், முயற்சி செய்கிறேன்” என்று நாம் நாசூக்காகச் சொல்லும் மறுப்பு அங்கே புரியாது, உங்களுக்கும் சேர்த்து நாற்காலி போட்டுவிடுவார்கள்.

குழந்தையின் வகுப்புத் தோழர் பிறந்தநாள் அழைப்பு சீக்கிரமே வரும். அதைக் கூர்ந்து பாருங்கள், இவர்கள் வாழ்க்கை முறையே அந்த அட்டையில் இருக்கும். சனிக்கிழமை 2 முதல் 4 வரை என்று முடியும் நேரமும் அச்சிட்டிருக்கும். இன்ன தேதிக்குள் பதில் என்று ஒரு தொலைபேசி எண் இருக்கும். பந்துருட்டும் கூடமோ குதித்து விளையாடும் கூடமோ, தலைக்கு இவ்வளவு என்று அவர்கள் பணம் கட்டுகிறார்கள். எனவே அழைக்காத தம்பியையும் அழைத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே கேளுங்கள், அவனுக்கான பணத்தை நீங்கள் தருவதாகவும் சொல்லுங்கள். பரிசு 20 முதல் 30 டாலருக்குள் போதும். விலை தெரியாத ‘பரிசு ரசீது’ என்று கடையில் கேட்டு வாங்கி உள்ளே வையுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள உதவும். அது அவமதிப்பு ஆகாது. பரிசுகளை ஒரு மேசையில் வைத்துவிடுவார்கள், அங்கே பிரிப்பது அபூர்வம். பீட்சா, பாட்டு, கேக் எல்லாம் முடிந்து, நான்கு மணிக்குச் சற்று முன்பு பிள்ளைகளுக்குச் சிறு பை ஒன்று தருவார்கள். பை கைக்கு வந்தால் புறப்பட வேண்டும். மொய் வைத்து, பந்தி முடிந்து, மாலைவரை பேசிக்கொண்டிருந்த நமக்கு இது விரட்டுவதுபோல் தெரியும். ஆனால் வேறொரு குடும்பத்தின் பிறந்தநாள் அதே கூடத்தில் நாலேகாலுக்கு என்பதையும் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டு அழைப்பு என்றால் மாலை ஆறு மணி என்பது இயல்பான நேரம். சொன்ன நேரத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் போய்விடுங்கள். முன்னதாகப் போகக் கூடாது. என்ன கொண்டு வரட்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் பூவோ இனிப்போ எடுத்துச் செல்லுங்கள். செருப்பை வாசலில் கழற்றுவதா என்பதை அந்த வீட்டாரின் காலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முக்கியமான ஒன்று: உணவை ஒருமுறைதான் நீட்டுவார்கள். மரியாதைக்கு “வேண்டாம்” என்றால் தட்டு நகர்ந்துவிடும், பசியோடு வீடு திரும்ப நேரும். அதேபோல் அவர்கள் உங்கள் வீட்டில் போதும் என்றால் போதும்தான். இன்னும் ஒரு கரண்டி என்று இலையில் போடுவதுபோல் போட்டால் அவர்கள் தவித்துப் போவார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் கூட்டு விருந்துக்கு நம் எலுமிச்சைச் சோறு தாராளமாகச் செல்லும். நிலக்கடலை, முந்திரி, பால், நெய் எது சேர்ந்திருந்தாலும் ஒரு சீட்டில் எழுதி முன்னால் வையுங்கள். கடலை ஒவ்வாமையில் உயிரே போகக்கூடும்.

7. விலையும் டிப்ஸும்

அலமாரியில் போட்டிருக்கும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. நியூ ஜெர்சியில் 6.625 சதவீதம், உடைகளுக்கும் பெரும்பாலான மளிகைக்கும் வரி இல்லை.

உணவகத்தில் டிப்ஸ் தருவது பெயரளவில் விருப்பம், நடைமுறையில் கடமை. காரணம் சம்பள முறை. டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்ச அடிப்படை 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். பல மாநிலங்களில் கூடுதல். மீதியை வாடிக்கையாளர்தான் தருகிறார். எனக்கு இந்த முறை நியாயமாகப் படவில்லை. ஆனால் அதன் தண்டனையைத் தட்டேந்தி வருபவருக்குத் தரக் கூடாது. வரிக்கு முந்தைய தொகையில் 18 முதல் 20 சதவீதம் கொடுங்கள். அட்டையை வாங்கிப் போய்த் தேய்த்துவிட்டு ஒரு சீட்டைக் கொண்டுவருவார்கள். அதில் டிப்ஸ், மொத்தம் என்று இரண்டு வரிகள் காலியாக இருக்கும். இரண்டையும் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். எழுதும் முன்பு ரசீதின் அடியைப் பாருங்கள். பெரிய குழுவாகப் போனால் டிப்ஸை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், இரண்டு முறை தந்துவிடக் கூடாது.

முடிதிருத்துபவர், டாக்ஸி ஓட்டுநர், வீட்டுச் சாமான் தூக்குபவர், விடுதி அறையைச் சுத்தம் செய்பவர் ஆகியோருக்கும் உண்டு. காபிக் கடையில் திரையைத் திருப்பிக் காட்டினால் வேண்டாம் என்பதை அழுத்தலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நியூ ஜெர்சியில் பெட்ரோலை ஊழியர்தான் நிரப்ப வேண்டும், அவருக்கு எதிர்பார்ப்பில்லை. மருத்துவர், அரசு ஊழியர் யாருக்கும் பணம் நீட்டாதீர்கள். காவல்துறையினரிடம் நீட்டினால் அது லஞ்சக் குற்றம்.

8. சாலை

நியூ ஜெர்சியில் குடியேறியவர் 60 நாளுக்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாற வேண்டும். மோட்டார் வாகன ஆணையம் ‘ஆறு புள்ளி’ என்ற கணக்கில் அடையாளம் கேட்கும். ஒவ்வொரு தாளுக்கும் இத்தனை புள்ளி, கூட்டினால் ஆறு வர வேண்டும். பாஸ்போர்ட், விசா, ஐ-94 இவற்றோடு முகவரிச் சான்றும் தேவை, வங்கி அறிக்கையோ ஒப்பந்தமோ போதும். ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பதிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம் என்பதால் வீடு கிடைத்தவுடன் நாள் வாங்கிவிடுங்கள். எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், 40 சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆணையத்தின் கையேட்டை முழுதாகப் படியுங்கள். இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம் சாலைத் தேர்வில் கைகொடுக்காது, நின்று போகும் பழக்கத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நாற்புறமும் நிறுத்தப் பலகை உள்ள சந்திப்பில் சற்று நேரம் நின்று வேடிக்கை பாருங்கள். போலீஸ் இல்லை, விளக்கு இல்லை, யாரும் ஒலிப்பானை அழுத்துவதில்லை. முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். ஒரே நேரத்தில் வந்தால் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு வழி. சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், மெல்ல ஊர்வது நிற்பது ஆகாது. பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மினுக்கினால், நடுவில் பிரிப்பான் இல்லாத சாலையில் எதிர்த் திசையில் வருபவரும் நிற்க வேண்டும். நியூ ஜெர்சியில் குறைந்தது 25 அடி தள்ளி. காவலர் பின்னால் விளக்கு போட்டால் ஓரமாக நிறுத்தி, கைகளை ஸ்டியரிங்மேல் வைத்து, உள்ளேயே இருங்கள். இறங்கிப் பணிவோடு நடந்து போவது நம் மரியாதை, அங்கே அது அச்சுறுத்தல். குளிர்காலத்தில் கூரைப்பனியைத் துடைக்காமல் வண்டி எடுத்தால் அதற்கும் அபராதம் உண்டு.

9. மருத்துவமும் பள்ளியும்

வேலையில் சேர்ந்த 30 நாளுக்குள் பொதுவாகக் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த சேர்க்கைக் காலம்வரை காத்திருக்க நேரும். முதலில் எவ்வளவுவரை உங்கள் கைப்பணம், ஒவ்வொரு வருகைக்கும் எவ்வளவு, ஆண்டுக்கு உச்சவரம்பு என்ன என்ற மூன்று எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் உங்கள் காப்பீட்டு வலையமைப்பில் இருக்கிறாரா என்று காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள், வரவேற்பு மேசையை மட்டும் நம்பாதீர்கள். நோய் வரும் முன்பே குடும்ப மருத்துவரைப் பதிந்துவிடுங்கள், முதல் சந்திப்புக்கு வாரங்கள் ஆகும். காய்ச்சல், சிராய்ப்புக்கு ‘அர்ஜென்ட் கேர்’ என்ற சிறு சிகிச்சை மையம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் தயங்காமல் அவசர உதவி எண் 911. சந்திப்புக்கு 15 நிமிடம் முன்னதாகப் போங்கள். தாமதமானால் வேறு நாள் தருவார்கள், சொல்லாமல் விட்டால் கட்டணம் போடுவார்கள். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ‘இது பில் அல்ல’ என்று அச்சிட்ட தாள் வரும், அதைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். மருத்துவமனை பில் பெரிதாக இருந்தால் இனவாரியான பட்டியல் கேட்டு, அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பேசிக் குறைப்பதும் தவணை கேட்பதும் சகஜம்.

பள்ளிச் சேர்க்கைக்கு முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம் போதும், அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. நம் பிள்ளைகளுக்குப் பிசிஜி போட்டிருப்பதால் காசநோய்க்கான தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும். இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பிள்ளை வராத நாளில் காலையிலேயே பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

10. வரியும் முகவரியும்

முந்தைய ஆண்டுச் சம்பளத்துக்கான டபிள்யூ-2 படிவத்தை வேலை தருபவர் ஜனவரி 31க்குள் அனுப்ப வேண்டும். வரி தாக்கலுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 15. எஃப்-1 மாணவர்கள் வருமானம் இல்லாவிட்டாலும் 8843 படிவத்தை அனுப்ப வேண்டும். வரிக்கணக்கில் குடியிருப்பவராக ஆனபின், இந்தியாவில் உள்ள வங்கிக் கணக்குகளின் உச்ச இருப்பு எல்லாம் சேர்ந்து ஆண்டில் எப்போதாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். இந்த அறிவிப்புக்கென்று வரி இல்லை, ஆனால் மறைத்தால் அபராதம் மிகப் பெரிது. அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும் இதில் சேரும்.

வீடு மாறினால் குடியுரிமை இல்லாதவர் 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. மாணவர்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் சொன்னால் போதும். அஞ்சல் துறையில் முகவரி மாற்றம் பதிவதும் ஓட்டுநர் உரிமத்தில் மாற்றுவதும் தனித்தனி வேலைகள், ஒன்றைச் செய்தால் மற்றொன்று தானாக நடக்காது. புதிய வீட்டின் அஞ்சல் பெட்டியிலும் எல்லாப் பெயர்களையும் ஒட்டிவிடுங்கள்.